அண்ணன் தலையாட்டிய கூட்டம்

ஐந்தாம் வகுப்பு டீச்சரின் வகுப்பில் பாடம் தொடங்கும் முன்பே அரசியல் தொடங்கிவிடும். முந்தின நாள் செய்தியில் கேட்டதைப் பற்றி ஒரு பிள்ளை பேசும், இன்னொன்று எதிர்த்துப் பேசும். பெட்ரோல் விலை, எங்கோ நடக்கும் போர், தெருவிளக்கு எரியாதது என்று எதுவும் வரலாம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். எதிர்த்துப் பேச எழுகிறவர், எதிராளி சொன்னதை முதலில் அவருக்கே திருப்தியாகும்படி சொல்லிக்காட்ட வேண்டும். "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று அவர் தலையாட்டிய பிறகே மறுத்து வாயைத் திறக்கலாம். அதற்குள் பாதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மறுப்பே மறந்துபோகும். அப்படி மறந்துபோகிற மறுப்பால் யாருக்கு என்ன லாபம் என்பது டீச்சரின் கட்சி.

ஊரில் அவருக்குத் தலையாட்டு டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயரை நம்பி, யார் எதைச் சொன்னாலும் சரி என்கிற ஆள் போலிருக்கிறது என்று வந்த கல்வி அதிகாரி ஒருவர் மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கிறார்.

"அரசியல்னாலே சாக்கடை" என்று ஆசிரியர் அறையில் யாராவது சலித்துக்கொண்டால் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சாக்கடைன்னா இறங்கித் தூர் வாரணும் சார். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா நாத்தம் போயிடுமா?" என்பார். அதோடு அன்றைக்கு அந்த அறையில் பேச்சு நின்றுவிடும்.

இந்தச் சட்டம் வீட்டுக்கு வந்த கதை வேறு. டீச்சரின் அண்ணன் நகரசபைத் தலைவர். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவருக்கு அண்ணனின் கட்சியைக் கண்டாலே ஆகாது. ஒரு தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளையும் மச்சானும் மோதிக்கொண்டார்கள். "உங்களுக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் முட்டாள் மச்சான்" என்று கணவர் வாயை விட்டார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் போனார். அந்த வருஷம் முழுக்க வாசற்படி மிதிக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று டீச்சருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான். ஞாயிறு தோறும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. கடைசியில் அவரே போய் அண்ணனைக் கையோடு கூட்டி வந்தார், வகுப்புச் சட்டத்தையும் சேர்த்து.

முதல் ஞாயிறு கூத்தாக இருந்தது. "மச்சான் என்ன சொல்றார்னா..." என்று கணவர் ஆரம்பித்தார். "இல்ல மாப்பிள்ளை, அது இல்ல, மறுபடி சொல்லுங்க" என்றார் அண்ணன். மறுபடி மறுபடி சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடும் ஆறிவிட்டது, சண்டையும் ஆறிவிட்டது. "டிவியில நாலு பேர் ஒரே நேரத்துல கத்துறதுக்கு இது எவ்வளவோ தேவலைம்மா" என்றாள், சட்டம் படிக்கும் மகள். அவள் எதையும் தேவலை என்று சொல்வதே அபூர்வம்.

அப்படித் திரும்பக் கிடைத்த அண்ணன்தான் ஒரு ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, வேற யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது. உன் பள்ளிக்கூடத்தை மூடப்போறோம். பிள்ளைங்களை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஸ்கூல்ல சேர்த்துடுவோம். இந்த இடத்துல வண்டி நிறுத்தம் வருது. வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம் வச்சு முடிவு பண்றோம்."

டீச்சர் எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அண்ணன் போனதும் கணவர் மெல்ல, "உன் அண்ணன்தானே, வீட்டிலேயே பேசி முடிச்சிரேன்" என்றார்.

"பள்ளிக்கூடம் என்ன நம்ம வீட்டுச் சொத்தா, இந்த மேஜையில பேசி முடிக்க? எல்லார் முன்னாடியும்தான் பேசணும்."

சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பேசாவிட்டால் பள்ளி போகும். ஊர் முன்னால் அண்ணனைத் தலைகுனிய வைத்தால் அந்த நாற்காலி மறுபடி காலியாகும். இரண்டும் சேர்ந்தே போனாலும் போகலாம்.

வெள்ளிக்கிழமை நகரசபைக் கூடத்தில் நிற்க இடமில்லை. அண்ணன் காகிதத்தைப் பார்த்து, மூச்சுவிடாமல், யாருக்கும் புரியாத நடையில் தீர்மானத்தை வாசித்தார். பெற்றோர் சார்பில் ஒரு தையல்காரர் எழுந்து ஆவேசமாகப் பேசினார். பிறகு டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"தலைவர் சொன்னதை முதல்ல நான் சொல்றேன். நம்ம பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது. மழை வந்தா ரெண்டு வகுப்பை ஒரே அறையில உக்கார வைக்கிறோம். பெரிய ஸ்கூல்ல நூலகம் இருக்கு, ஆய்வகம் இருக்கு. அது மட்டும் இல்ல. ஆறாம் வகுப்புக்கு அங்க போற நம்ம பிள்ளைங்க பல மாசம் வாயே திறக்கிறதில்ல, கடைசி பெஞ்சுல கூச்சப்பட்டு உக்காருது. சின்னதுலயே சேர்ந்து படிச்சா அந்தக் கூச்சம் வராது. நான் கண்ணால பார்த்திருக்கேன்."

அண்ணனுக்கே தோன்றாத வாதம் அது. வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார்.

கூட்டம் கொதித்தது. "டீச்சரம்மா, நீங்க யார் பக்கம்?" என்று தையல்காரர் துள்ளி எழுந்தார். "அண்ணன் தங்கச்சி ஆச்சே, ரத்தம் பேசுது!" என்றது பின்வரிசைக் குரல். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மகள்தான் எழுந்து, "உக்காருங்க எல்லாரும்! எங்கம்மா இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று அதட்டினாள்.

டீச்சர் ஆரம்பித்தார். நீளமாகப் பேசவில்லை. "கூரையை மாத்தலாம், ஆய்வகம் கட்டலாம், கூச்சத்தை நான் போக்குறேன். ஆனா அந்த ரோட்டுல லாரி நிக்காது. என் பிள்ளைங்கள்ல சிலது லாரி சக்கரத்து உயரம்கூட இல்ல. எனக்குப் பயமா இருக்கு." உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மைக்கை இழுத்தார். "டீச்சர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசறாங்க..."

"தலைவரே, முதல்ல நான் சொன்னதைச் சொல்லுங்க."

கூடம் ஒரு கணம் விழித்தது. பிறகு டீச்சரிடம் படித்துவிட்டு இப்போது பிள்ளை பெற்று நிற்பவர்கள் சுவரோரமிருந்து, "சொல்லுங்க! சொல்லுங்க!" என்று கைதட்டத் தொடங்கினார்கள். அத்தனை பேரும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்கள். அண்ணனுக்குத் தப்ப வழியில்லை.

"டீச்சர் சொல்றது போக்குவரத்து வசதியைப் பத்தி..."

டீச்சர் தலை அசையவில்லை.

"பெற்றோருக்கு ஏற்படக்கூடிய சிரமங்களை..."

அசையவே இல்லை. அண்ணன் காகிதத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"லாரி போற ரோட்டை சின்னப் பிள்ளைங்க தினம் காலையிலயும் சாயங்காலமும் கடக்கணும். நாம போலீஸ் போடுவோம். கொஞ்ச நாள் நிப்பாங்க, அப்புறம் இருக்க மாட்டாங்க. ஒரு நாள்..." குரல் இறங்கிவிட்டது. "ஒரு நாள் ஒரு பிள்ளை வீடு திரும்பாது. அதைத்தான் என் தங்கச்சி சொல்றா."

டீச்சர் தலையாட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஆமா, நான் சொன்னது இதுதான். இப்ப உங்க பதிலைச் சொல்லுங்கண்ணா."

அண்ணன் மைக்கைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"பதில் இல்ல" என்றார். "தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன். வண்டி நிறுத்தத்துக்கு ஒதுக்கின பணம் கூரைக்குப் போகட்டும். சம்மதிக்கிற கவுன்சிலருங்க கையைத் தூக்குங்க." எதிர்க்கட்சிக் கைகள் முந்திக்கொண்டு எழுந்தன. அவர் கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். விசில் காதைப் பிளந்தது. அதில் பெரிய விசில், ரத்தம் பேசுது என்று கத்திய அதே ஆளுடையது. தையல்காரர் வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, அவசரப்பட்டுட்டேன்" என்றார். டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாழ்க்கையில் எதையாவது ஜெயித்தேன் என்றால் இதைத்தான் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அண்ணன் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஊர் முன்னாடி என் வாயாலேயே என் தீர்மானத்துக்குக் குழி தோண்ட வச்சிட்டே."

"ஆமாண்ணா" என்றார் டீச்சர். பொய் சொல்ல வரவில்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தக் கூச்சம் பத்திச் சொன்னியே, அது எனக்குத் தோணவே இல்ல. என் பக்கத்தை என்னைவிட நல்லா சொல்றே. அடுத்த தேர்தல்ல எனக்கு மேடையில பேச வாயேன்."

"வரேன். ஆனா எதிர்க்கட்சி சொல்றதை முதல்ல சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்!"

"அதைக் கேட்டா, உங்க ஓட்டே அந்தப் பக்கம் போயிடும் மாமா" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோறு பரிமாறியதும் கணவர் பக்கம் திரும்பினார். "பெட்ரோல் விலை ஏறிடுச்சு. என்னைத் திட்டத் தயாரா இருப்பீங்களே மாப்பிள்ளை. இருங்க, முதல்ல உங்க பக்கத்தை நானே சொல்றேன்."

யாரும் கேட்காமல் அவராகவே அப்படித் தொடங்கியது அதுதான் முதல் தடவை. கணவர் வாயில் வைத்த கவளத்தோடு தலையாட்டினார். டீச்சர் அன்றைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.