ஞாயிற்றுக்கிழமை வரை சொல்லாத சேதி

போன வாரம் பக்கத்து வீதியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மகன் அமெரிக்காவில் இருக்கிறான், வந்து சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் அவரைப் படுக்கவைத்து, வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பரப்பியாயிற்று. வந்தவர்கள் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள், செல்போனை நோண்டினார்கள். நாலு நாளா என்று ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை. நான் மட்டும் பெட்டியின் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். இவருக்கு அந்தப் பெரியவர்மேல் எத்தனை பாசம் என்று யாராவது நினைத்திருந்தால் மன்னிக்கவும். குப்பை கொட்டும் விஷயத்தில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகிறது. நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஒரு அம்மாவை. அவரை நான் பார்த்ததே கிடையாது.

எண்பதுகளின் கடைசி. பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்த என்னைத் திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக் கடிதம் எழுத வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்’ என்பதோடு ஏறக்குறைய தீர்ந்துவிடும். மிச்சத்தைக் கையால் காட்டிச் சமாளிப்பேன். ஆனால் முதலாளி நாச்சிமுத்து அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம், “நம்ம தம்பி பேசுனா வெள்ளைக்காரனே டிக்சனரியத் தேடுவானுங்க” என்பார். அது பாராட்டில்லை, நடந்த உண்மை என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு நிட்டிங் மிஷின் வாங்கினார். சேவூர்ப் பக்கம் இருந்த தோட்டத்தை அடமானம் வைத்து வாங்கியது. மரப்பெட்டிகளில் வந்து இறங்கிய அதைப் பூட்டி ஓட்டிக்காட்ட வெர்னர் என்று ஒரு ஃபிட்டரும் வந்தார். நாற்பது வயது, ஆறடி, சிரிக்காத முகம். செக்கிங் செக்சன் பெண்கள் முதல் நாளே அவரை வருணன் ஆக்கிவிட்டார்கள். “வருணன் வந்து இருவது நாளாச்சு, ஒரு தூத்தல் போடுதா பாரு” என்று சிரிப்பார்கள். அவரும் தனக்குப் புதுப்பெயர் கிடைத்த பெருமையில் தலையாட்டுவார். மதியச் சாப்பாடு நாச்சிமுத்து அண்ணன் வீட்டில். அண்ணி பரிமாற, அவர் இலையை மறைத்துக் கையை நீட்ட, அந்தக் கைமேலேயே சோறு விழும்.

ஒரு புதன்கிழமை காலையில் டெலக்ஸ் வந்தது. வெர்னருடைய அக்கா அனுப்பியது. அம்மா செவ்வாய்க்கிழமை காலமானார், அடக்கம் திங்கட்கிழமை, உடனே புறப்படு. நான் அந்தத் தாளை டெலக்ஸ் மிஷினிலிருந்து கிழித்தெடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன்.

“ஐயோ பாவமுங்க,” என்றார். கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. “அடக்கம் எப்பங்க?”

“திங்கக்கெழமைன்னு போட்டிருக்குதுங்க.”

“செவ்வாக்கெழமை போனவங்கள திங்கக்கெழமை வரைக்கும் ஊட்டுல போட்டு வெச்சிருப்பாங்களா? மனுசங்களா அவுங்க? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி.”

நான் பார்த்தேன். திங்கட்கிழமை என்றுதான் இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வெர்னரிடமே கேட்கலாம் என்று சொல்லியிருக்கலாம். டிக்சனரியைத் தேடவைக்கும் ஆள் அப்படியெல்லாம் சொல்வானா? “நேத்தே எடுத்திருப்பாங்கண்ணா. திங்கக்கெழமைங்கறது நம்ம கருமாதி மாதிரி ஏதாச்சும் இருக்கும்” என்றேன். குன்னத்தூரில் எங்கள் சொந்தத்தில் காலையில் ஒரு உயிர் போனால் பொழுதுக்குள் எடுத்துவிடுவார்கள். உலகம் முழுவதும் குன்னத்தூர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அண்ணி வந்தார். “சோத்துக்கு முன்னால சொல்லிப்போடாதீங்க. சேதி கேட்டாப் பச்சத்தண்ணி பல்லுல படுமா? ஆத்தா மொகத்தையும் பாக்க முடியாது. அத்தன தூரம் வெறும் வவுத்தோட அழுதுட்டுப் போகோணுமா? ரெண்டு நாள் உண்டு தெம்பா இருக்கட்டும்.”

“ஞாயித்துக்கெழமை நல்ல நாளு,” என்றார் முதலாளி மெதுவாக. “மிஷின ஓட்டிப் பூசையப் போட்டுட்டுச் சொல்லிக்கலாமுங்க.”

இரக்கமும் மிஷினும் எந்த இடத்தில் ஒன்றாகக் கலந்தன என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் அந்தக் கம்பெனியே வெர்னரைத் தாங்கியது. சேதி எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அண்ணி தினமும் கோழி அடித்தார். சிரித்துக்கொண்டிருந்த செக்கிங் பெண்கள் அவரைக் கண்டால் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு அம்மா வீட்டிலிருந்து பணியாரம் சுட்டுவந்து, “தின்னுங்க சாமி” என்று கையில் வைத்து அழுத்தினாள். நான் என் பங்குக்கு ஜோக்காகச் சொல்லித் தள்ளினேன். சனிக்கிழமை அவர் என்னிடம், “இந்த வாரம் எல்லோரும் இவ்வளவு அன்பாக இருக்கிறார்களே, ஏதாவது பண்டிகையா?” என்று கேட்டார். அதோடு ஒரு படக்கார்டை நீட்டி, போஸ்ட் செய்யச் சொன்னார். அம்மாவுக்கு எழுதியது.

அதை நான் வாங்கிக்கொண்டேன். இன்னும் ஒரே நாள்தானே என்று நினைத்தேன். ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியிலும் போட்டேன். என் வாழ்நாளில் இத்தனை ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடியது. தேங்காய் உடைத்தோம். வெர்னர் நெற்றியில் அண்ணன் சந்தனம் வைத்தார். வயிறாரச் சாப்பிட்டு அவர் கை கழுவிய பிறகு, டெலக்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

படித்தார். பிறகு மேலே ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். அதை மறுபடியும் பார்த்தார்.

“புதன்கிழமையே வந்ததா?”

“ஆமாம்.”

“ஏன் சொல்லவில்லை?”

என்னிடம் இருந்த அத்தனை இங்கிலீஷையும் திரட்டிச் சொன்னேன்: “நீங்கள் சாப்பிட வேண்டும் என்று.”

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியாது. “எங்கள் ஊரில் பிள்ளைகள் வரும்வரை வைத்திருப்பார்கள்,” என்றார். “ஐந்து நாளாக அவள் எனக்காகக் காத்திருக்கிறாள்.”

அண்ணி, “என்னங்க தம்பி சொல்றாரு, என்ன சொல்றாரு?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிணத்தை வைத்திருக்கிறவர்கள் மனுசர்களா என்று நாங்கள் கேட்டிருந்தோம். சாவை மறைத்துச் சோறு போடுகிறவர்கள் மனுசர்களா என்று வெர்னர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

காரில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். பம்பாய்க்குச் சாயங்கால விமானத்தில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவர் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. துக்கத்துக்குப் போகிறவரிடம் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் திரும்பவேண்டும். பிழை செய்ததெல்லாம் போதும், இதையாவது முறையாகச் செய்வோம் என்று பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பாதி வழி வந்தபின் டிரைவர் சொன்னார்: “அவுரு உங்களுக்குக் கைய நீட்டுனாருங்க. நீங்க பாக்காமயே வந்துட்டீங்க. கொஞ்ச நேரம் நீட்டுன கையோடயே நின்னாருங்க.”

மிச்ச வேலையை முடிக்க மூன்று மாதம் கழித்து வேறொரு ஃபிட்டர் வந்தார். வெர்னர் ஊர் போய்ச் சேர்ந்தபோது திங்கட்கிழமை மாலை, மண் மூடி, வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு வெளிநாட்டு வேலைக்கே அவர் போவதில்லையாம். நான் ஒரு கடிதம் எழுதினேன். ‘வித் ரெஃபரன்ஸ் டு’ என்று தொடங்கி, அடித்து, மறுபடி எழுதி, அனுப்பினேன். வெர்னர் வேலையை விட்டுவிட்டார், முகவரி தெரியாது என்று அந்த ஜெர்மன் கம்பெனியிலிருந்து இரண்டு வரி வந்தது. பிறகு அந்தக் கம்பெனியும் இல்லாமல் போனது. மிஷினைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள். நாச்சிமுத்து அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. எங்கள் பனியன் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

வெர்னர் இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். இருந்தால். அவருக்கு ஏதாவது ஆனால், திருப்பூரில் ஒருவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றப்போவதில்லை. அந்தச் சேதியை எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கக்கூட அங்கே ஆள் கிடையாது.