மச்சாளின் ரைலியில் இடப்பக்க இருக்கை

சிவப்பு விளக்கில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். சாரதி இருக்கவேண்டிய இடப்பக்க இருக்கையில் நான் கைகட்டிக்கொண்டு இருப்பேன். எனக்கு முன்னால் ஸ்டியரிங்கே இருக்காது. அது வலப்பக்கத்தில், மச்சாளின், அதாவது என் கணவரின் அக்காவின் கையில் இருக்கும். மச்சாள் லண்டனில் இருந்து ரொறன்ரோவுக்குக் குடிவந்தபோது தளபாடங்களை எல்லாம் விற்றுவிட்டுக் கப்பலில் ஏற்றி வந்த ஒரே சாமான் அந்த ரைலி கார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் சலூன். நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, மரப்பலகை பதித்த முகப்பு. திரும்பும்போது கதவோரத்தில் இருந்து சின்னக் கைபோல ஒரு சிக்னல் வெளியே நீளும். நாங்கள் இருக்கும் மல்வேர்ன் பகுதியில் அதைச் சிக்னல் என்று விளங்கிக்கொள்ள ஆளில்லை. தெருவில் நிற்கும் பிள்ளைகள் திருப்பிக் கையசைப்பார்கள்.

உறைபனிக் காலம் தவிர, சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதில்தான் போவோம். வாகனங்கள் வலப்பக்கமாக ஓடும் இந்த நாட்டு வீதியில் வலப்பக்கம் இருந்து ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போது, எதிரே ஒரு பெரிய வாகனம் நின்றால் அதற்குப் பின்னால் வருவது சாரதிக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. நானோ இயல்பிலேயே பயந்தவள். எறும்பளவில் ஒரு கார் தெரிந்தாலும் "பொறுங்கோ மச்சாள்" என்பேன். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள்.

"எடியே, நீ சொல்லுற கார் இன்னும் அடுத்த ஊரில, பிக்கரிங்கில நிக்குது. அது வந்து சேர முதல் பூசை முடிஞ்சிடும்" என்பார் மச்சாள்.

ஒரு ஞாயிறு நேரம் பிந்திவிட்டது. நான் "பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கவே மச்சாள் திருப்பிவிட்டார். பஸ் ஒன்று அலறிக்கொண்டு எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பக்கத்துக் கடைத்தொகுதியில் காரை நிறுத்தினோம். எதற்கும் பகிடி விடுகிற மனுசி அன்றைக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏசு" என்றார். பிறகு தானே சொன்னார்: "பயந்த ஆள் ஒண்டு பக்கத்தில இருக்கிறதும் நல்லதுக்குத்தான். இனி நீ சொல்லாமல் எடுக்கமாட்டன்."

அதன்பிறகு ஒருநாளும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. அதுவரை வெட்கப்பட வைத்த என் பயத்துக்கு அந்தக் காரில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. அதை நான் நன்றாகவே செய்தேன்.

மச்சாள் இப்போது இல்லை. ரைலியையும் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன மாதம் என் மகள் ஓட்டிவந்த காரை, சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த ஒருவர் இடித்துவிட்டார். கதவு நெளிந்தது, பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி கைபேசியில்தான் வந்தது; அது அடித்தால் இன்னும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன். மகள் அதற்குப்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பிக்கரிங்கில் கிடைத்த புது வேலைக்கோ கார் இல்லாமல் போகமுடியாது. வேலை போனாலும் பரவாயில்லை, பிள்ளை ஓட்டாமல் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் உள்ளே நினைத்திருந்தேன். சனிக்கிழமை அவளே கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, ஜஸ்ட் பக்கத்தில வந்து இருங்கோ."

எங்களுடையது சாதாரணக் கார். ஆகையால் நான் வலப்பக்கம் இருந்தேன். அதே மாதிரி ஒரு சந்தி, இடப்பக்கத் திருப்பம், எதிரே ஒரு லொறி. அதன் முகத்தைத் தவிர எனக்கு எதுவுமே தெரியவில்லை. மச்சாளுக்கு அத்தனை ஞாயிறும் இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, என் ஒரு சொல்லை நம்பி அவர் திருப்பியிருக்கிறார். இன்றைக்குப் பார்க்கிற கண் மகளுடையது. "பொறு" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

அவள் தானாகவே பொறுத்தாள். பின்னால் ஹோர்ன் அடித்தது. "அடிக்கட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். வீதி வெறுமை என்று தன் கண்ணுக்குத் தெரியும்வரை நின்று, பிறகு நிதானமாகத் திருப்பினாள்.

"அம்மா, கண்ணைத் திறவுங்கோ. திரும்பியாச்சு."

திறந்தேன்.

"மண்டே நான் தனியப் போறன். ஓக்கேயா?"

"ஓம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. வலது கால்தான் இல்லாத பிரேக்கை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.