கடல்காரன் சுரண்டிய படகு

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. டீக்கடையில் மீன் பேச்சு வந்தால் என் வாய் சும்மா இருக்காது. படகிலேயே பிறந்தவன் போல அளந்துவிடுவேன். அப்படி அளந்ததைக் கேட்டவர்களில் ஒருவர் பக்கத்துக் குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தார். வெல்டிங் பட்டறையில் செய்த இரும்புத் தகட்டுப் படகு ஒன்று அவரிடம் இருந்தது. அடியில் பெயின்ட் பொரிந்துவிட்டது, சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தர வேண்டும் என்றார். எப்படிச் செய்வது என்று நான் கேட்டிருக்கலாம்.

"நீங்க கடல்காரருங்க. உங்குளுக்கு நாஞ் சொல்லோணுங்களா?" என்று அவர் முந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு போய்ப் படகைக் கவிழ்த்துப் போட்டேன். எங்கள் ஊரில் வள்ளத்தின் அடியை மரம் தெரியும்வரை சுரண்டுவோம். பழைய பூச்சு கொஞ்சம் இருந்தாலும் சிப்பி குடியேறிவிடும் என்பார் அப்பா. அதே பழக்கத்தில் இங்கேயும் அழுத்தினேன். பச்சை போனது, கீழே நீலம், அதற்கும் கீழே செங்காவி. இரும்புப் படகை நான் அதுவரை தொட்டதே இல்லை. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் கலந்த குளம் அந்தத் தகட்டை என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் கையிலிருந்த சுரண்டி சதக்கென்று உள்ளே இறங்கியது. விரல் நுழையும் ஓட்டை. சுற்றிலும் தட்டிப் பார்த்தால் அப்பளம் மாதிரி இருந்தது. அதுவரை தண்ணீரைத் தடுத்தது நான் வழித்துப் போட்ட பெயின்ட்தான்.

சொல்லியிருக்க வேண்டும். கடல்காரன் என்ற பட்டம் போய்விடுமே என்று வெட்கம். பைப் ஒழுகலுக்கு வைக்கும் பசையை உருட்டி அடைத்து, மேலே இரண்டு கை பச்சை அடித்தேன். குத்தகைக்காரர் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கும் அவர் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. இருவரும் சேர்ந்துதான் நடுக்குளத்தில் வலை விடுவார்கள்.

அடுத்த ஞாயிறு படகை இறக்க என்னையும் அழைத்திருந்தார்கள். அந்த அம்மா எனக்கென்று தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்திருந்தார். கற்பூரம் காட்டித் தள்ளினோம். குத்தகைக்காரர் ஏறி உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தேன், உள்ளே ஈரம் இல்லை. பசை பிடித்துக்கொண்டது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். அந்த அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

"அக்கா, நீங்க ஏறாதீய," என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

அந்த அம்மா நின்று என் முகத்தைப் பார்த்தார், பிறகு படகைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க தம்பி, அப்ப அவரு மட்டும் போலாமுங்களா?"

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குத்தகைக்காரர் உட்கார்ந்தபடியே இருக்கப் படகைக் கரைக்கு இழுத்தேன். அவரை இறங்கச் சொல்லிப் படகைக் கவிழ்த்து, பச்சைக்குக் கீழே ஓட்டை இருந்த இடத்தில் அந்த அம்மாவின் கண்முன்னால் விரலை வைத்துக் காட்டினேன்.