நான் நேர்ந்த நேர்ச்சையும் என் மகளின் விண்ணப்பமும்

போன வருடம் ஏப்ரல் மாதம் முழுவதும் மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். என் மகள் ஜெனிக்குப் பதினெட்டு வயது. நீட் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. ஏற்கெனவே ஒரு முறை எழுதி மார்க் வரவில்லை. ஒரு வருடம் திருவொற்றியூரில் கோச்சிங் போய் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. பேச்சே நின்றுவிட்டது. தேர்வு பயத்தில் உயிரை விட்டதாகச் செய்தியில் வரும் பிள்ளைகளை நினைத்துத்தான் அந்தக் கதவைப் பூட்டினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இத்தனைக்கும் காரணம் என் வாய்தான். ஜெனி எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது நிமோனியா வந்து அரசு மருத்துவமனையில் கிடந்தாள். ஒரு பெண் டாக்டர் கூடவே நின்று பார்த்தார். நான் மாதா கோயிலுக்கு ஓடி, "இவளைப் பிழைக்க வை தாயே, டாக்டராக்கி உனக்குக் காணிக்கையாகத் தருகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தாள். நேர்ந்ததோடு நான் சும்மா இருந்தேனா? ராயபுரம் முழுக்கச் சொல்லிவைத்தேன். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில், பள்ளிக்கூடம் போகுமுன்பே அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஏப்ரலில் அன்பியத்தில் உள்ள அத்தனை குடும்பமும் அவளுக்கு மெடிக்கல் சீட் கேட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. பெற்றவள் நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குவார். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் அவரே சொன்னார்: "புள்ள மூஞ்ச பாத்தியா? எனக்குப் பேஜாரா கீதும்மே. கொஞ்சம் வுட்டுப் புடி."

"நேர்ந்துக்கினு ஏமாத்தச் சொல்றியாய்யா? சாமி கண்ணக் குத்தும்" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

பாய்ந்துவிட்டேனே தவிர, மனம் கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் கோயிலில் தனியாக உட்கார்ந்தேன். முதல் முறையாக சீட் கேட்கவில்லை. "எனக்கு எம்புள்ள வேணும் தாயே. அவ மனசுல இன்னா கீதுன்னு மட்டும் காட்டு" என்று அழுதேன்.

புதன்கிழமை மாதாவுக்கு நவநாள் செபம். எங்கள் பங்குக் கோயிலில், பெட்டியில் போட்ட விண்ணப்பச் சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் மைக்கில் வாசிப்பார்கள். வேலை, கல்யாணம், முட்டிவலி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த சீட்டு வந்தது: "மாதாவே, அம்மா எனக்காக நேர்ந்ததை என்னால் நிறைவேற்ற முடியவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வருகிறது. கப்பல் என்ஜின் படிக்க ஆசையாக இருக்கிறது. அதற்கான நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மா மனம் நோகாமல் ஒரு வழி காட்டும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. பழக்கதோஷம், நானும் சேர்ந்து சொல்லி முடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பக்கத்தில் ஜெனி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பங்குத்தந்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நேர்ந்தது நீங்க. நிறைவேத்த வேண்டியதும் நீங்கதான். பொண்ணு தலையில கட்டாதீங்கம்மா" என்றார். அந்த நேர்ச்சைக்குப் பதிலாக, அதே மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் காத்திருக்கும் தாய்மார்களுக்கு மாதம் ஒரு முறை கஞ்சி கொண்டுபோகச் சொன்னார். பல வருடப் பாரம் அந்த அறையிலேயே இறங்கியது.

"எத்தினி நாளாடி இந்த ஆசை?" என்று வழியில் கேட்டேன்.

"அப்பாகூட ஒருவாட்டி கப்பல்ல என்ஜின் ரூமு பாத்தேன்ல, அப்பத்துலேர்ந்து. நீ அல்லார்கிட்டயும் டாக்டரு டாக்டருன்னு சொல்லிக்கினே இருந்தியாம்மா, நான் எப்டி சொல்றது?"

மறுநாளே விண்ணப்பித்தோம். அவள் எடுத்திருந்தது கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். அதனால் தடை ஏதும் இல்லை. நீட் எழுதப் போகவில்லை. அன்பியத்தில் நானே எழுந்து நின்று, வேண்டுதலை மாற்றச் சொன்னேன். "பொம்பளப் புள்ளைய நடுக்கடலுக்கா அனுப்பப் போற?" என்று ஒருத்தி கேட்டாள். "நம்ம ஆம்பளைங்க போறாங்களே, அதே கடலுதாண்டி" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே செபமாலையை எடுத்தாள்.

தேர்வு அன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எழுதிவிட்டு வெளியே வந்தவள், "பசிக்குதும்மா" என்றாள். பர்மா நூடுல்ஸ் விற்கும் ரோட்டோர அத்தோ கடையில் உட்கார்ந்து ஒரு தட்டை முழுசாகச் சாப்பிட்டாள். ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று அப்போதே நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மாடிக் கதவைத் திறந்துவிட்டேன்.

ரிசல்ட்டும் நன்றாகவே வந்தது. இன்று அவள் மரைன் என்ஜினியரிங் முதல் வருடம். ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் வைக்கவே மாட்டாள். எனக்குத்தான் காது வலிக்கிறது. என் ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

மாதம் தவறாமல் கஞ்சிப் பாத்திரத்தோடு வார்டுக்குப் போகிறேன். போன மாதம் ஒரு சின்னப் பெண், மூச்சு வாங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "இது மட்டும் பொழச்சா, இத..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று அவள் கையைப் பிடித்தேன். "பொழைக்கணும்னு மட்டும் கேளு கண்ணு. இன்னா ஆவணும்னு பேச்சு வந்தப்புறம் அதுங்கிட்டயே கேட்டுக்கலாம்" என்றேன். இரண்டு பேரும் அதை மட்டும் கேட்டோம். நீங்களும் நம்பிக் கேட்டுப் பாருங்கள். நம் தாய் காது கொடுத்துக் கேட்கிறாள்.