மேடையில் மட்டும் என் மகன்

அறுபத்திரண்டு வயதில் எனக்கொரு மகன் கிடைத்தான், அதுவும் நாடகத்தில். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஒத்திகை. நான் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழ் அப்பா. நான் எடுத்து வளர்த்த பிள்ளையாக நடித்தவர் ஜமைக்காவில் பிறந்த கறுப்பினத்தவர், நாற்பதைத் தாண்டிய பஸ் ஓட்டுநர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நேரம் என் சொந்த மகள் என்னோடு கதைத்து ஒன்றரை வருடமாகியிருந்தது. அவள் கட்டப்போகிறவரும் கறுப்பினத்தவர்தான். முதல் தடவை அவரை மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, கொட்டுகிற பனிக்குள் வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். மகளும் அவரோடு போய்விட்டாள். பிறகேன் இந்த நாடகத்துக்கு ஓம் சொன்னாய் என்று கேட்பீர்கள். நடிப்பு ஆசைதான். மேடை வேறு, வீடு வேறு என்று நினைத்த மடையன் நான்.

நாடகத்தில் ஓரிடத்தில், வேலை பறிபோய் வரும் மகனுக்கு அப்பா சோறும் மீனும் குழைத்துக் கையால் வாயில் தீத்த வேண்டும். முதல் ஒத்திகையில் நான் கரண்டியால் கொடுத்தேன்.

"அங்கிள், கரண்டியால தீத்திற அப்பாவை நான் எங்கையும் காணேல்லை," என்றாள் நாடகத்தை எழுதி இயக்கிய தமிழ்ப் பிள்ளை.

மறுபடியும் கரண்டியைத்தான் எடுத்தேன். கை போகவில்லை. அந்த மனிதர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். என்ன பொறுமை! விடியற்காலையில் இருந்து பஸ் ஓட்டிய களைப்போடு வருவார். வந்தும் தன் வசனம், என் வசனம் இரண்டையும் பாடமாக்கி வைத்திருப்பார். நான் தடுமாறினால் கண்ணாலேயே எடுத்துக் கொடுப்பார். ஒத்திகை தொடங்கி மூன்றாம் கிழமை ஒருமாதிரிக் கையால் தீத்தினேன். என்னையறியாமல் மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டு அவர் சிரித்துவிட்டார்.

அன்று தன் காரில் என்னை வீட்டுக்குக் கொண்டுவரும்போது மகளின் கதையைச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"ஒத்திகைக்கு வருவேன். ஆனால் இன்றைக்கு இனி உங்களோடு பேசமாட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

என்றாலும் வழியில் இறக்கிவிடாமல் வீட்டடியில் கொண்டுவந்து விட்டார். அடுத்த ஒத்திகையில் வழமைபோல என் முன்னால் இருந்து வாயைத் திறந்தார். அப்படியொரு மனிதரை நான் கண்டதில்லை. மகளுக்கு, இரண்டு பேரும் நாடகம் பார்க்க வாருங்கள் என்று அன்றே செய்தி அனுப்பினேன்.

நாடகம் முடிந்ததும் மகள் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நல்லா நடிச்சீங்கள், அப்பா."

"உன்னைக் கட்டப்போறவர் வரேல்லையோ?"

"வந்தவர். நீங்கள் தீத்தினதைப் பாத்திட்டு எழும்பிப் போயிட்டார். காரில இருக்கிறார்."

முகத்தில் பூசிய ஒப்பனை மாவோடு அப்படியே வெளியில் ஓடினேன். என்னைக் கண்டதும் அவர் காரைவிட்டு இறங்கினார். நான் செய்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நீங்கள் எவ்வளவு நன்றாக நடிப்பீர்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். இதை நான் எப்படி நம்புவது?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. ஆனால் அவர் திரும்பக் காரில் ஏறவில்லை.