முருகன் கொடுத்த கோழி எரு

சாமி பெயரையும் கோழி எருவையும் ஒரே தாளில் எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். போன கிருத்திகைக்கு விளக்கேற்றும்போது, நடந்ததை மறைப்பதுதான் தப்பு என்று மனசுக்குப் பட்டது. எழுதிவிட்டேன்.

நாங்கள் மலைமேல் நாயுடுபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்குச் சொந்த லாரி; ஓட்டுவதும் அவரே. மன்னவனூர் கேரட்டை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறக்குவார். அந்த வாடகையை, காலியாக மலை ஏறும்போது டீசல் குடித்துவிடும். மேலே போகிற சிமெண்டுக்கும் அரிசிக்கும் வண்டிகள் வரிசைகட்டி நின்று, போட்டி போட்டு வாடகையைக் குறைத்துக்கொண்டிருந்தன.

எனக்குப் பரீட்சை லீவு. அப்பாவோடு போயிருந்தேன். சந்தையில் அம்மாவின் அண்ணன், பல லாரிக்கு முதலாளி, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்ள, இன்னைக்கும் காத்தைத்தான் ஏத்திட்டுப் போறீங்களா? பேசாம வண்டிய வித்துப்புட்டு எங்கிட்ட டிரைவரா வந்துருங்க."

அப்பா வண்டியை எடுத்தார். இப்படியே போனால் விற்றுத்தான் ஆகவேண்டும் என்று வீட்டிலும் பேச்சு ஓடிய சமயம் அது.

பழனியில் ஓரங்கட்டி, மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டோம். 'முருகா, பிஸ்கட் லோடாகக் கொடு' என்று நான் கண்ணை இறுக மூடி வேண்டினேன்.

அப்பா கண் திறப்பதற்குள் போன் அடித்தது. கேரட் ஏற்றும் இடமெல்லாம், "கீழேருந்து உங்களுக்கு எது வந்து சேர மாட்டேங்குது?" என்று அவர் கேட்டு வைத்திருந்தார். பேசியவர் மன்னவனூர் விவசாயி.

"அண்ணே, கோழி எரு வேணும். எல்லா வண்டிக்காரங்களும் மூக்கைப் பொத்திட்டு ஓடுறாங்க. கெழங்கு நடவு அப்படியே கெடக்கு. ஒண்ணரை வாடகை தாறோம், வெரசா வாங்க."

அடிவாரத்துக் கோழிப்பண்ணையில் மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நாற்றம் முன்னால் வந்து எங்களோடு உட்கார்ந்தது.

"தாயி, நல்லா மூச்சு விடு. எப்படி மணக்குது பாரு!" என்றார் அப்பா.

பெருமாள்மலை டீக்கடைக்காரர் டம்ளரை எட்ட நின்று நீட்டினார். "குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே, யாவாரம் போயிரும்." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

மன்னவனூரில் தெருவே வந்து இறக்கியது. இன்னும் சில தோட்டக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அப்பா வண்டியை இரண்டு தடவை கழுவிவிட்டுக் கேரட் ஏற்றினார். அதன்பின் எங்கள் லாரி காலியாக மலை ஏறியது அபூர்வம். மாமா வண்டியை விற்கச் சொல்லவும் இல்லை, பக்கத்தில் வந்து நிற்கவும் இல்லை.

பிஸ்கட் கேட்டதற்கு எருவைக் கொடுத்தாரே என்று நான் மட்டும் முருகனோடு கோபித்துக்கொண்டு, ஒரு வாரம் திருநீறு பூசவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவும் அன்று ஏதோ கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சாமி கொடுத்தது என்பதற்காக எருவைச் சந்தனமாக்கிவிடாதீர்கள். நாறியதை நாறியதாகவே சொல்லுங்கள்.