நேத்து என்ன செஞ்சீங்க?

நம்புகிறவர்கள் நம்பலாம், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது போன ஐப்பசி மழையில் கோட்டுச்சேரி இளவேனிலுக்கு நடந்தது. பேய் என்றாலே நக்கலடித்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது மாலையில் போன் அடித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

இளவேனில் போனிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். பாஸ்ட் டென்ஸ் பழக்க அவளிடம் ஒரே வழிதான். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். ஆள் இங்கிலீஷில் சொல்லச் சொல்லத் தப்பைத் திருத்துவாள். ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கு. என்ன சொல்கிறார்கள் என்பது காதில் ஏறாது, இலக்கணம் மட்டும்தான் ஏறும். வீடு எரிந்துபோச்சு என்று ஒருவர் அழுதால்கூட "பேர்ன்ட், வெரி குட்" என்பாள்.

காரைக்கால் டவுனிலிருந்து ஒதெத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். தமிழும் பிரெஞ்சும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, இங்கிலீஷ் மட்டும் வராது. அவள் மகள் ஆலிசியாவுக்கோ இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒதெத்தின் புருஷன் அல்பேர் லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். உன் அம்மா உன்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்று சொல்லியே வளர்த்தான். அந்தப் பெண் முதல் முறையாக கிறிஸ்துமசுக்கு வருவதாக இருந்தது.

"எனக்குப் பாஸ்ட் டென்ஸ் மட்டும் போதும் மிஸ். நான் அவள விடல, அவருதான் தூக்கிட்டுப் போயிட்டாருன்னு என் வாயால சொல்லணும்."

அந்தத் திங்கட்கிழமை ஒதெத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. நேற்று பாத்ரூமில் விழுந்தேன் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"'ஃபெல்'. சரியாச் சொன்னீங்க. வலி இருக்குங்களா?"

"இப்ப வலியே இல்ல மிஸ்."

பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ம்ம்ம்ம்...

செவ்வாய்க்கிழமை.

"தே வாஷ் மி."

"'வாஷ்டு'. திருப்பிச் சொல்லுங்க."

"தே வாஷ்டு மி... தே புட் நியூ சாரி."

விழுந்தவளைக் குளிப்பாட்டி, புடவை மாற்றிவிட யாரோ இருக்கிறார்கள், நல்லது என்று இளவேனில் நினைத்துக்கொண்டாள். மோட்டார் சத்தம் கூடியிருந்தது.

"அது என்னங்க, ஃபேனா?"

"இல்ல மிஸ்... இங்க ரொம்பக் குளிருது."

புதன்கிழமை நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. சரியாக ஆறுக்குப் போன் வந்தது. ஒதெத் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னாள். நேற்று நிறையப் பேர் வந்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். அழுதார்கள். யாரும் என்னோடு பேசவில்லை.

"'லுக்டு'... 'க்ரைடு'..." இளவேனில் திருத்திக்கொண்டே வந்தாள்.

என் வாயைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. மறுபடி கட்டினார்கள்.

"'டைடு'" என்றாள் இளவேனில்.

அப்புறம்தான் அர்த்தம் காதில் ஏறியது.

வாயைக் கட்டினார்களா?

அப்படியென்றால்... பேசுவது யார்?

ம்ம்ம்ம்...

"மிஸ்... நாளைக்கு வீட்டுக்கு வாங்க. என் மக வர்றா."

"கிறிஸ்துமசுக்குத்தானே..."

"முன்னாடியே வர்றா மிஸ்."

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனாள். வீட்டு வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடத்தில் கண்ணாடி ஐஸ் பெட்டி. அதிலிருந்து அதே ம்ம்ம்ம்... உள்ளே புதுப்புடவையில் ஒதெத். தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

ஒதெத்தின் அக்கா கரொலின் மூக்கைச் சிந்தினாள். "ஞாயித்துக்கிழம பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா, அங்கேயே உசுரு போயிட்டு. மக வந்து பாக்கட்டும்னு வச்சிருக்கோம்."

"அவங்க போனு...?"

"அதுவும் அப்பவே தண்ணியில விழுந்துட்டுங்க. அப்புறம் உயிரே வரல."



ஆலிசியா வந்தாள். அழவில்லை. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலக் கைகட்டிப் பெட்டியருகே நின்றாள். நடந்ததும் தெரிந்து, அதை இங்கிலீஷில் சொல்லவும் தெரிந்தவள் அங்கே இளவேனில்தான். ஒதெத் எதற்காகத் தன்னை வரச் சொன்னாள் என்று அப்போது புரிந்தது. பக்கத்தில் போய் நின்றாள்.



கண்ணாடிக்குள் அந்த முகம்...

ஒரு வார்த்தைகூட வரவில்லை.

ஓடி வந்துவிட்டாள். பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள். அந்த ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று இரவெல்லாம் மனசு அறுத்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆலிசியா இறங்கினாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன. இளவேனிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினாள்.

"அன்றைக்குப் பெட்டியருகே நின்று, அம்மா என்னை விடவில்லை, அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார் என்று சொன்னீர்களே. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நன்றி."

இளவேனில் வாயைத் திறப்பதற்குள் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அவ்வளவு நேரம் பேசினீர்களே... உங்கள் உதடு ஏன் அசையவே இல்லை?"